முன் பிரேக்

மலை இல்லாத ஊரில் பிறந்தவன் மலைச் சரிவுக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? தம்பியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்தக் கோபம்தான் வருகிறது. பாகூரில் மேடு என்றால் எங்களுக்கு ஏரிக்கரை ஒன்றுதான். அதில் சைக்கிளை விட்டால் எண்ணிப் பத்து மூச்சுக்குள் கீழே வந்துவிடலாம்.

எட்டாவது படிக்கும்போது அங்கேதான் நான் விழுந்தேன். குறுக்கே மாடு வந்தது. பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. முன்பல் ஒன்று போயிற்று; இப்போதிருப்பது கட்டின பல். அதிலிருந்து வீட்டுக்கு எந்த சைக்கிள் வந்தாலும் ஸ்பேனரை எடுத்து முன் பிரேக்கைக் கழற்றிவிடுவேன். யாரும் அதை விசித்திரமாகப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின.

தம்பி கம்பெனி வேலைக்குப் போனதும் கியர் சைக்கிள் வாங்கினான். நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது போனை மூக்குக்கு நேரே நீட்டுவான். ஐரோப்பாவில் எங்கோ ஒரு மலை. பந்தயக்காரர்கள் ஹேண்டில்பார்மேல் மோவாயை வைத்துக்கொண்டு சரிவில் பாய்ந்துகொண்டிருப்பார்கள்.

“தொண்ணூறுல போறான் பாருக்கா. சில எடத்துல நூறக்கூடத் தொடுவாங்க.”

“இன்னாடா இது, நம்ம பஸ்ஸே அவ்ளோ வேகம் போவாதே. இவனுங்களுக்கு வூட்ல பொண்டாட்டி புள்ள இல்லியா?”

இறங்கும்போது குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்கச் சிலர் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள் என்றான். பஜ்ஜி மடிக்கிற பேப்பரா என்று கேட்டேன். இருவரும் சிரித்தோம்.

நண்பர்களோடு ஏற்காடு போகிறேன் என்று அவன் சொன்ன அன்றே ஸ்பேனரோடு போனேன். அந்த சைக்கிளில் பிரேக் கம்பி சட்டத்துக்கு உள்ளேயே ஓடியது, எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. என் தலையில் கையை வைக்கச் சொல்லி, முன் பிரேக்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, அன்று அவனுக்குப் பின்னால் வந்த நண்பன் வந்திருந்தான். தனியாகக் கூப்பிட்டு நானேதான் கேட்டேன்.

“பின்சக்கரம் லாக் ஆயி அப்டியே இழுத்துக்கினு போச்சுக்கா. முன் பிரேக்கப் புடிடான்னு கத்துனேன். கடைசி வரிக்கும் புடிக்கவேயில்ல. ஏன்னே தெரியில.”

எனக்குத் தெரிந்தது.

சரிவில் வண்டியை அடக்குவது பெரும்பாலும் முன் பிரேக்தான் என்று அந்த நண்பன்தான் சொன்னான். நம்பாமல், தம்பியின் போனிலேயே அந்தப் பந்தயங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். வளைவு வருவதற்கு முன்பே இரண்டு கை விரல்களும் பிரேக்மேல் இருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துகிறார்கள். தொண்ணூறில் வந்தவன் வேகம் குறைந்து நல்லபடியாகத் திரும்பிப் போகிறான், குப்புற விழவில்லை. அன்று ஏரிக்கரையில் ஒரேயடியாகப் பிடித்தது என் தப்பு. அந்தத் தப்பைத்தான் வீடு முழுக்கச் சட்டமாக்கி வைத்திருந்தேன்.

போன மாதம் முதல் வருஷத் தெவசம். பந்தியில் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“முன் பிரேக்கப் புடிக்காதடான்னு அக்காக்காரி தலையில அடிச்சிக்கினு சொன்னா. கேட்டானா? கேட்டிருந்தா இன்னிக்கி உசுரோட இருந்திருப்பான்.”

ஒரு வருஷமாக ஊர் முழுக்க இதையேதான் சொல்கிறாள். எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டு என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது.

அவன் கேட்டான்மா. கேட்டதால்தான் போனான். இதைச் சொல்ல எனக்கு அன்றும் வாய் வரவில்லை. பழியை அவனே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினேன்.