கப்பாசிற்றரின் ஒரு கால்

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, எங்கள் கம்பனிக்குப் புதிதாக வந்த அவனை வேலையால் நிற்பாட்டப் போகிறார்கள் என்பது, காலையில் குரோருட்டில் ரயில் ஏறும்போதே எனக்குத் தெரியும். சந்தோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. பிழை என் பக்கம் இல்லை என்ற நிம்மதி. பொல்லாத மனம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு அவர்களுடைய மூச்சை எண்ணுகிற ஒரு சின்னக் கருவியைத்தான் எங்கள் கம்பனி செய்கிறது. அதற்குள் இருக்கிற போர்டில் பாதி அனலொக். பிள்ளையின் நெஞ்சிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலை வாங்கிப் பெரிசாக்கும். மற்றப் பாதி டிஜிற்றல், அது அந்தச் சிக்னலை எண்ணாக்கித் திரையில் காட்டும். அனலொக் பக்கத்தைச் சோதிக்கிறவள் நான். சோதிக்கிற ஜிக்கைச் செய்ததும் நான்தான். பாண் பெட்டி அளவில் ஒரு பெட்டி, உள்ளே வரிசையாக ஊசிகள். போர்டை வைத்து மூடியை அழுத்தினால் ஊசிகள் அந்தந்த இடத்தைத் தொட்டு அளக்கும். சரியென்றால் பச்சை, பழுதென்றால் சிவப்பு. பன்னிரண்டு வருசமாக அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

டிஜிற்றல் பக்கம் அவனுடையது. கோயம்புத்தூரிலிருந்து மார்கழிக் குளிரில் வந்து இறங்கினவன். மனைவி எல்லிங்ஸ்ருட் வீட்டுக்கு வந்து ஆறு கிழமைதான். முதல் ஆறு மாதம் இங்கே எல்லோருக்கும் பரீட்சைக் காலம். அது முடியமுன் வேண்டாம் என்று நிற்பாட்டிவிட்டால் வேலை போகும், புது வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும். நான் ‘கதைப்பம்’ என்றால் அவனுக்குச் சிரிப்பு வரும், அவன் ‘பேசலாம்க்கா’ என்றால் எனக்கு ஏதோ மேடைப் பேச்சு ஞாபகம் வரும். முதல் மாதம் அப்படிப் பகிடியாகத்தான் போனது.

சித்திரையில் கருவிகள் திரும்பி வரத் தொடங்கின. பிள்ளை அமைதியாக நித்திரை கொள்ளுது, திரையில் எண் தாறுமாறாகப் பாயுது என்று முறைப்பாடு. ஒரு தாய் பயந்துபோய் ஒரே நாளில் இரண்டு தரம் அம்புலன்சுக்கு அடித்திருக்கிறாள். வந்த பதினொன்றையும் கழற்றி என் ஜிக்கில் வைத்தேன். பதினொன்றும் பச்சை. அப்படியென்றால் அனலொக் சுத்தம், எண்ணுகிறவன்தான் பிழையாக எண்ணுகிறான். அப்படியே எழுதிப் பொஸ் அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு சொல் தடுமாறவில்லை.

அவன் என்னிடம் இரண்டு தரம் கேட்டான். வந்த புதிதில் ஒருநாள், தன் பழைய வேலையிடத்தில் தினமும் காலையில் வேண்டுமென்றே பழுதாக்கின ஒரு போர்டைத்தான் முதலில் ஜிக்கில் வைப்பார்கள், அதற்குச் சிவப்பு வந்தபிறகுதான் வேலை தொடங்கும், இங்கே அப்படி ஒன்று இருக்கிறதா என்றான். பழுதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம், வைத்து வளர்க்கிறதுக்கு இல்லை என்றேன். இரண்டாம் தரம், திரும்பி வந்த போர்டை ஜிக்குக்கு வெளியே வைத்து ஒருக்கால் அளந்து பார்க்கலாமா என்று கேட்டான். எனக்குக் கொதி ஏறிவிட்டது. என்ரை ஜிக்கில் நொட்டை பிடிக்கிறதை விட்டிட்டு உம்மடை அலுவலைப் பாரும் என்று எல்லோருக்கும் கேட்க ஏசினேன். அன்றிலிருந்து அவன் வேறு மேசையில் இருந்து சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி இருக்கும். அவன் தன் மேசை லாச்சியைத் திறந்து மனைவியின் படத்தை எடுத்துப் பையில் வைத்தான். அவனுக்கு ஒருவரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் ஒதுக்கத் தொடங்கிவிட்டான். சரி, அவன் சொன்ன விசர் வேலையையும் ஒருக்கால் செய்துவிட்டால் என் மனமாவது ஆறும் என்று நினைத்தேன். நல்ல போர்ட் ஒன்றை எடுத்து, அம்பிளிஃபயரை நடுங்காமல் பிடித்து வைத்திருக்கிற சின்னப் பாகம் ஒன்றைச் சூடு காட்டிக் கழற்றினேன். ஜிக்கில் வைத்து மூடியை அழுத்தினேன்.

பச்சை.

ஊசிகளைத் துடைத்தேன். திரும்ப வைத்தேன். பச்சை. போர்டை வெளியே எடுத்து மேசையில் வெறுமனே வைத்து ஒசிலஸ்கோப்பில் பார்த்தால், கோடு உலைத் தண்ணி மாதிரிக் கொதிக்கிறது. திருப்பி ஜிக்குக்குள் வைத்தால் நேர்கோடு. ஜிக்கைக் கவிழ்த்து நாலு ஆணியையும் கழற்றினேன்.

உள்ளே ஊசிக் கம்பிக்குக் குறுக்கே மஞ்சளாக ஒரு கப்பாசிற்றர், அரிசியளவு. பக்கத்தில் ஒட்டின கடதாசியில் ‘தற்காலிகம்’ என்று என் கையெழுத்து. மாசி மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடும்போதெல்லாம் அளவு நடுங்கி, நல்ல போர்டுக்கெல்லாம் சிவப்பு வந்தது. அந்த நடுக்கத்தை அமத்த நான்தான் வைத்தேன். லிஃப்டைத் திருத்தினதும் எடுக்கிறதென்று இருந்தேன். லிஃப்டைத் திருத்தினார்கள், நான் மறந்துபோனேன். லிஃப்டின் நடுக்கத்தை விழுங்கின அந்தக் கப்பாசிற்றர் போர்டின் நடுக்கத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என் கையெழுத்தோடு ஒட்டிக்கிடந்தது.

மணி பன்னிரண்டு இருபது. மாசியிலிருந்து போன அத்தனை போர்டுக்கும் கையெழுத்து என்னுடையது. ஐம்பத்தைந்து வயதில் என்னை வேறு எவன் எடுப்பான்? பயந்தேன். அதைவிட, அவ்வளவு பேருக்கு முன்னால் ஏசின வாயோடு எப்படிப் போய் நிற்கிறது என்ற வெட்கம். இதை வெட்டிக் குப்பையில் போட்டால் ஆருக்குத் தெரியும்? திங்கட்கிழமை ஜிக் சிவப்புக் காட்டும். பழுதைக் கண்டுபிடித்தேன் என்று எனக்குத்தான் பேர் வரும். அவன் அதற்குள் போயிருப்பான்.

கட்டரை எடுத்து, கப்பாசிற்றரின் இரண்டு கம்பிக் கால்களில் ஒன்றை வெட்டினேன்.

“காபி எடுக்கப் போறேன். உங்களுக்கும் கொண்டு வரட்டுமாக்கா?”

பின்னால் நின்றான். கிழமைக்கணக்காக என்னோடு கதைக்காதவன், கடைசி நாள் என்று கேட்கிறான். நான் ஜிக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் போனபிறகும் கட்டர் என் கையில்தான் இருந்தது, மற்றக் காலுக்கு அது போகவில்லை. ஒரு கால் போனாலே கப்பாசிற்றர் வேலை செய்யாது. திரும்பி வந்த போர்டுகளை ஒவ்வொன்றாக அப்படியே வைத்துப் பார்த்தேன். பதினொன்றுக்கும் சிவப்பு.

ஒரு மணிக்குப் பொஸ்ஸின் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். பொஸ்ஸும் அவனும் எதிரெதிரே இருந்தார்கள். ஜிக்கை மேசையில் கவிழ்த்து வைத்து, பழுது அனலொக் பக்கத்தில், அதை மறைத்தது என் ஜிக், இவரில் ஒரு பிழையும் இல்லை என்று இந்த நாட்டுப் பாஷையான நொர்ஸ்கில் சொன்னேன். மாசிக்குப் பிறகு இந்த ஜிக்கில் பச்சை வாங்கினது எத்தனை என்று பொஸ் கேட்டா. எல்லாம் என்றேன். வெளியே போனதையெல்லாம் இன்றைக்கே திருப்பி எடுக்கவேண்டும் என்றா. தனக்கு முன்னால் இருந்த அவனை நிற்பாட்டுகிற கடிதத்தை மடித்துக் கிழித்தா.

அவனுக்கு முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. எழும்பி ஜிக்குக்குள் குனிந்து பார்த்தான்.

“ஒரு காலை மட்டும் வெட்டி செக் பண்ணியிருக்கீங்க. கரெக்டான முறைக்கா.”

ஓம் என்றால் போதும். அதோடு முடிந்துவிடும்.

“இல்லைத் தம்பி,” என்றேன். “ஒளிக்கிறதுக்கு வெட்டினது. மற்றக் காலையும் வெட்டமுதல் நீர் கோப்பி கேட்டு வந்திட்டீர்.”

பொஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் கதிரையை இழுத்து இருந்து, அதை நொர்ஸ்கிலும் சொன்னேன்.