தாயும் மகளும் எழுதிய பரீட்சை

கான்ஸ்டன்டைன் நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் ஸலீஹா. ஒரு பல்லைப் பிடுங்க நாலு பேர் துணைக்கு வருவதென்ன, வலி மருமகளுக்கு என்றால் அதை மாமியார் விவரிப்பதென்ன, ஆண் ஒருத்தன் உள்ளே நுழைந்ததும் பெண்களெல்லாம் ஒரு நாற்காலி தள்ளி உட்காருவதென்ன! பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. இந்த ஜனங்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதற்கே ஒரு படிப்பு இருக்கிறது, அதன் பெயர் சமூகவியல் என்று மகள் இக்ராம் ஒருநாள் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், அம்மாவுக்கு ராத்தூக்கம் போயிற்று.

ஸலீஹா பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் கல்யாணம் முடிந்து, பாக் என்கிற பள்ளியிறுதிப் பரீட்சை எழுதாமலே வந்தவள். பாக் இல்லாமல் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதிக்க முடியாது. நாற்பத்து மூன்று வயசில் தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். அதே வருஷம் இக்ராமும் எழுதுகிறாள். அவள் படிக்க நினைத்தது தொடர்பியல். வானொலியில் பேச வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் ஆசை.

குளிர்காலம் முழுக்க அடுப்படியில் இதே பேச்சுதான். முதல் வருஷம் யாருக்கு என்ன பாடம், எது ரெண்டு பேருக்கும் பொது, காலையில் எந்த பஸ், மத்தியானம் எங்கே சந்திப்பது.

"புள்ளியியல் வரும் யெம்மா, அழக்கூடாது."

"நீ முதல்ல தத்துவத்துல பாஸாகுற வழியப் பாரு."

"ரெண்டு பேரும் காலேஜுக்குப் போயிட்டா சமைக்கிறது யாரு?" என்று கேட்பான் புருஷன் அப்துல் மஜீத். டாக்ஸி ஓட்டுகிறவன்.

"நீங்கதான்!" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

ஜூலையில் ரிசல்ட் வந்தது. தெருவெல்லாம் கார் ஹாரன், பட்டாசு. வலைத்தளம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து ஒருவழியாகத் திறந்தபோது இக்ராம் தன் நம்பரை முதலில் போட்டாள். இருபதுக்கு ஒன்பதரை. பாஸாகப் பத்து வேண்டும். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸலீஹா அடுப்படியில் நின்றபடி தன் நம்பரைப் போட்டாள். பாஸ். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. சந்தோஷம் வந்ததா என்றால், வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நெஞ்சு விம்மியது. அடுத்த நொடியே தன்மேல் அப்படி ஒரு வெறுப்பு. பெற்ற பிள்ளை உள்ளே குப்புறக் கிடக்கிறாள், எனக்கென்ன கொண்டாட்டம் வேண்டிக்கிடக்கிறது!

மஜீத் வந்து மெதுவாகக் கேட்டான். "உனக்கு?"

"எனக்கும் போச்சு," என்றாள்.

அந்தப் பொய்யை அவள் நாலு நாள் காப்பாற்றினாள். இணையத்தில் பாடத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிகிற வாரம் ஓடிக்கொண்டிருந்தது. விருப்பத்தைப் பதியாவிட்டால் இடம் கிடையாது. போகட்டும், என்ன இப்போ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

காரியத்தைக் கெடுத்தவள் மாடிவீட்டு ஹூரியா. அவள் தம்பிக்குக் கல்வி அலுவலகத்தில் வேலை. சும்மா இருப்பானா? ஹூரியா ஒரு தட்டு நிறைய மக்ரூத் இனிப்பை ஏந்திக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்தே குலவையிட்டபடி இறங்கி வந்தாள். எல்லா வீட்டுக் கதவும் திறந்தது.

"மப்ரூக் ஸலீஹா! பிள்ளைகுட்டி பெத்து, இந்த வயசுல பாஸாயிட்டியேடி!"

ஸலீஹா வாயில் விரலை வைத்துக் கெஞ்சினாள். சும்மா இரு என்று கையை ஆட்டினாள். ஹூரியாவுக்குப் புரிந்தது வேறு.

"கண்ணு பட்டுரும்னு பயமா? அட போடி! படுற கண்ணு என் மேல படட்டும்!" என்று இன்னும் உரக்கக் குலவையிட்டாள். நல்ல மனசுக்காரிதான், ஆனால் அன்றைக்கு அவள் வாயைத் தைத்திருக்கலாம்.

உள்ளே அறைக்கதவு திறந்தது. "யாருக்கு மப்ரூக்?" என்று கேட்டாள் இக்ராம்.

ஹூரியாவின் குலவை தொண்டையிலேயே நின்றது. தட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

"பொய் சொன்னியா யெம்மா?"

"உனக்காகத்தான்டி. சேர்ந்தே போறதாத்தானே பேச்சு? நான் ஒரு வருஷம் நிக்கிறேன். அடுத்த வருஷம் நீ எழுது, ரெண்டு பேரும்..."

"அடுத்த வருஷமும் ஃபெயிலானா? அதுக்கும் அடுத்த வருஷம்? நிப்பியா?" இக்ராமின் குரல் கீச்சிட்டது. "என் தோல்வியத் தூக்கவே எனக்குத் தெம்பில்ல. உன் படிப்பையும் என் தலைலயே கட்டுறியே! நான் உன்ன நிக்கச் சொன்னேனா?"

கதவு அடித்துச் சாத்தப்பட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள்தான் கடைசி நாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க," என்றான் மஜீத். "விட்டா அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலையணும். அவ சொன்னது சரிதான் ஸலீஹா. உக்காரு."

உட்கார்ந்தாள். பழைய கணினி மூச்சு வாங்கித் திறந்தது. பாடங்கள் வரிசையாக வந்தன. சமூகவியல் என்கிற இடத்தில் கை நின்றது. நாலு வரி கீழே தொடர்பியல். அங்கேயும் கண் போயிற்று.

தாய்மார்களுக்கு ஒரு புத்தி வரும் பாருங்கள், அது வந்தது அவளுக்கு. நான் இதைப் படித்தால் என்ன? அடுத்த வருஷம் பிள்ளை வரும்போது பாடக்குறிப்பெல்லாம் என்னிடம் இருக்கும், வாத்தியார்களைத் தெரியும், அவள் திண்டாட வேண்டாம். எனக்கு சமூகவியல் கிடக்கட்டும். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. முதல் விருப்பமாகத் தொடர்பியலைப் போட்டாள்.

தண்ணீர் குடிக்க வந்த இக்ராம் பின்னால் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"இது என்ன?"

"உனக்காகத்தான் கண்ணு. நான் முன்னாடி போய்ப் படிச்சு வச்சா, நீ வரும்போது..."

"அத எடு."

"கேளுடி, உனக்கு சுலபமா..."

"எடுன்னு சொல்றேன்ல!" கத்தினாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மார்க்கு போச்சு. இந்தத் தெருவுல எனக்கு மூஞ்சி போச்சு. அது ஒண்ணுதான் இன்னும் போகல யெம்மா. அது என்னோடது. தொடாத."

ஸலீஹா தொடர்பியலை எடுத்தாள். சமூகவியலைப் போட்டு, மகளைக் கேட்காமல், அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல், உறுதி செய்தாள்.