அஞ்சு பேருக்கும் ஒரே அப்பா

நம் படிப்பகத்தின் மாலை வகுப்பு யாரையும் வளர்க்கவில்லை. கிளிகளைத்தான் வளர்க்கிறது. குற்றவாளி, பாடம் நடத்தும் நான்.

இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் ஏறினேன். என் வகுப்பில் படிக்கும் செல்வி உள்ளே இருந்தாள். ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்த்து நம் பிள்ளைகள் ஐந்து பேர் போயிருந்தார்கள்.

"இந்த வேலைக்கு ஏன் வந்தேன்னு கேட்டாங்கண்ணா. நீ எழுதிக் குடுத்தத அப்படியே சொன்னேன். 'இது என் தந்தையின் கனவு.'"

"அப்புறம்?"

"அஞ்சு பேரும் அதையேதான் சொன்னோம். 'எல்லாருக்கும் ஒரே அப்பாவா'ன்னு சிரிச்சிகினே வெளிய அனுப்பிட்டாங்க."

நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பா ஊட்ட உட்டு ஓடிப்போனவருண்ணா. அவருக்கு இன்னா கனவு கீது? எனக்கு எந்த வேலை புடிக்கும்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?"

கேட்டதில்லை. முதலாளிகள் நம்மை வெறும் கை கால்களாகப் பார்க்கிறார்கள் என்று படிப்பக வாசலில் உள்ள இதே பலகையில் கோபமாக எழுதியவன் நான். நம் பிள்ளைகளுக்கும் விருப்பம் என்று ஒன்று இருக்கும் என்பது எனக்கே தோன்றவில்லை.

"இப்பயாச்சும் கேளுண்ணா," என்றாள்.

அவள் சொல்லப்போகும் வேலைக்கு வழிகாட்டத் தெரியாவிட்டால் மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். சேக்காடு வந்ததும் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வகுப்பெடுக்கும் தோழர்களே, நீங்களாவது ஒரு பிள்ளையிடம் கேட்டதுண்டா? கேட்டவர்கள் இதன் கீழே எழுதுங்கள். பலகையில் இடம் நிறையவே இருக்கிறது.