கங்காணி போட முடியாத ஓட்டு

நாகலெட்சுமி புருஷனை விட்டு ஓடினாள் என்று இன்னும் கொட்டகலைப் பக்கம் பேசுகிறார்களே, அவர்களில் யாராவது அன்று அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்தார்களா? கையில் மூட்டை இருந்ததாம். இருந்தது. உள்ளே ரொட்டியும் சம்பலும். சாயங்காலம் திரும்பி வந்து அவள்தான் அடுப்பு மூட்டினாள். ஓடுகிறவள் சோறாக்க வருவாளா?

முப்பத்தாறாம் வருஷம் கொழும்புச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. நாகலெட்சுமிக்கும் அவள் புருஷன் கந்தப்பனுக்கும் ஓட்டு இருந்தது. ஆனால் லயத்தில் எல்லாரும் அதைக் காலையில் வேலைக்கு ஆளெண்ணும் பெரட்டு மாதிரியே நினைத்திருந்தார்கள். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வாய் திறக்காமல் நிற்க, துரையிடம் கங்காணிதான் பேசுவார். ஓட்டையும் அவரே எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார் என்று நம்பினார்கள். சோலைமலைக் கங்காணியும் அப்படித்தான் சொன்னார். மீறிப் போகிறவர்களுக்குப் பத்துச்சீட்டு என்றார். அது கைக்கு வந்தால் வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு.

நாகலெட்சுமிக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. கருவாடு வாங்கப் போனபோது, வெள்ளைக்காரன் தன் ஊரில் எப்படித்தான் சபை நடத்துகிறான் என்று கடைக்காரர் தம்பையாவிடம் கேட்டாள். அவர் பேப்பர் படிக்கிற மனிதர், லண்டன் என்றால் தராசை மறந்துவிடுவார். அங்கே இரண்டு சபையாம். ஒன்றில் பரம்பரைப் பிரபுக்கள், அவர்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மற்றதில் ஜனங்கள் அனுப்பியவர்கள். இந்த இரண்டாவது சபை கைவிட்டால் மந்திரிமார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நம் கொழும்பிலோ ஒரே சபை, ஏழு குழுவாகப் பிரிந்து வேலை பார்க்கிறது, கடைசியில் கவர்னர் தலையாட்ட வேண்டும். லண்டனில் ஒரு விஷயம் முடிவுக்கு வந்தால் சரி என்பவர்கள் ஒரு வாசலாலும் வேண்டாம் என்பவர்கள் இன்னொரு வாசலாலும் நடந்து போவார்களாம். பிரான்சிலோ சபைக்கு வராத அங்கத்தினர்களுக்கும் சேர்த்து ஒரே ஆள் சீட்டுப் போட்டுவிடுவானாம். பெண்களுக்கோ அங்கே ஓட்டே கிடையாதாம்.

"அப்ப நம்ம கங்காணி பிரான்சுக்காரரு," என்றாள் நாகலெட்சுமி.

தம்பையா சிரித்துக்கொண்டே ஒரு கருவாடு கூடப் போட்டார். இங்கே ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட முடியாது, நிற்கிற ஆளுக்கு ஒரு நிறமாகப் பெட்டி இருக்கும், அவரவர் கையாலேயே நிறம் பார்த்துப் போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

தேர்தலன்று காலை அவள் கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினாள். கந்தப்பன் வாசலை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

"கங்காணி போட்டுருவாரு புள்ள. காம்பரா போயிருச்சுன்னா எங்க போயி படுப்போம்?"

"லண்டன்ல பெரிய மந்திரியே தன் கால்ல நடந்துதான் வாசலத் தாண்டணுமாம். அவருக்கே கங்காணி கெடையாது. பத்துச்சீட்டு குடுத்தா குடுக்கட்டும், கொழுந்து எடுக்குற கைக்கு வேற தோட்டம் இல்லாமப் போகாது. நீங்களும் வாங்க. இல்லாட்டி கால மடக்குங்க."

கந்தப்பன் எழுந்திருக்கவில்லை. காலை மட்டும் மடக்கிக்கொண்டான்.

நாகலெட்சுமி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தாழ்ந்த வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனாள்.