அண்ணன் வெட்டிய கடைசிக் கோட்டு

அண்ணனுக்குக் கை தவறவில்லை. அவர் வெட்டிய கடைசிக் கோட்டும் சரியாகத்தான் இருந்தது. ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரில் மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிட வேண்டும்.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூர் சித்திரக்குளம் அருகே. அப்பா சீக்கிரமே போய்விட, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தி. நகரில் ஒரு தையல் கடையில் சேர்ந்தார். பட்டன் துளைக்குக் காஜா எடுத்தார், பேண்ட் தைத்தார், கோட்டு தைத்தார், கடைசியில் கட்டிங் மாஸ்டர் ஆனார். அம்மாவின் வைத்தியம், அக்கா கல்யாணம், என் தொழில் எல்லாம் அந்தக் கத்தரிக்கோலில் நடந்தவை. அவர் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பஸ்ஸில்கூட முன்னால் நிற்பவரின் தோளைக் கண்ணால் அளந்துகொண்டிருப்பார். "அந்தாளுக்கு முதுகு கூன் கீதுடா, ரெடிமேட் போட்டா காலர் தூக்கிக்கும்" என்பார், அந்த ஆளுக்கே கேட்கிற மாதிரி.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாடிக்கையாளரைத் தொட்டு அளவெடுப்பவர் கட்டிங் மாஸ்டர் மட்டும்தான். அதே கடையில் கோட்டு தைக்கும் நான் உள்ளே மிஷினில் இருப்பேன், ஆளைப் பார்க்கவே மாட்டேன். பேண்டுக்கு ஒருவர், காஜா பட்டனுக்கு ஒருவர். வெட்டி வந்த துணியில் சந்தேகம் என்றால் எழுந்து போய் மாஸ்டரைக் கேட்க வேண்டும். நாமாகக் கத்தரி வைக்கக் கூடாது.

சர்க்கரை வியாதி வந்த பிறகு அண்ணனின் விரல் லேசாக நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு மாப்பிள்ளைக் கோட்டை வெட்டி அனுப்பினார். இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. கை நடுங்கிவிட்டது என்று நினைத்தேன். போய்க் கேட்டால் மற்றவர்கள் முன் அவருக்கு அவமானம் என்று பதறி, வலது தோளையும் அதே அளவுக்கு நறுக்கிச் சமமாக்கினேன். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

மாப்பிள்ளைக்கு உடம்பிலேயே இடது தோள் இறக்கம். அதற்கேற்பத்தான் அண்ணன் வெட்டியிருந்தார். ட்ரையலில் போட்டுப் பார்த்தபோது வலது தோள் இறுக்கிப் பிடித்து, கழுத்தருகே சுருக்கம் விழுந்தது. அண்ணன் கோட்டின் தோள் தையலைப் பிரித்துப் பார்த்தார். என் கத்தரி போன தடம் அவருக்குத் தெரியாதா? திரைக்குப் பின்னால் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார்.

"என் தப்புதான் சார். வேற துணில வெட்டித் தரேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வேறு துணியில் அண்ணன் கத்தரி வைப்பதற்கு முன்பே, அடுத்த வாரம் முதலாளி, "மாஸ்டர், இனிமே வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று பஸ் ஸ்டாப்பில், "ஏண்ணா நான்தான்னு சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ ஏண்டா வெட்றதுக்கு முன்னாடி என்னைக் கேக்கல?"

அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையும் மாலையும் மாட வீதிகளைச் சுற்றினார். நான்கு மாதத்தில் படுக்கையில் விழுந்தார். மருத்துவமனையில் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "கை நீளம். ஒரு இன்ச் கொறைக்கணும் சார்" என்று சொல்லிச் சிரித்தார். அதுதான் கடைசிச் சிரிப்பு. துக்க வீட்டில், "பாவம், மாஸ்டருக்குக் கடைசில கை தவறிப் போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஓர் இடத்தில் என்னால் உட்கார முடிவதில்லை.

மருத்துவமனைக்கு முறை வைத்து வந்த கடைத் தோழர்களுக்கும், ஆட்டோவை எங்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இறுதிச் சடங்குகளை எடுத்து நடத்திய அக்கா குடும்பத்தினருக்கும் எங்கள் நன்றி. முதலாளிக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் இந்த மலரை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணனுக்குக் கை தவறவில்லை என்ற வரி அப்போது கடைசியில் இருந்தது.

"என்கிட்டகூட அவரு சொல்லல தம்பி. நானும் கை போயிடுச்சுன்னுதான் நம்பிகினு இருந்தேன். கொட்டிடுவாருன்னு டீயக்கூட அர டம்ளர்தான் குடுத்தேன்" என்றார் அண்ணி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்த ஏன் கடைசில போட்டுக்கீற? மொதல்ல போடு" என்றார்.

முதலில் போட்டிருக்கிறேன்.