கலாஸ் ஆகும்வரை ஆட்டம்

சனிக்கிழமை, காலை ஆறு மணி. ஓமானில், சோஹார் பேருந்து நிறுத்தத்தில் நான், ஒரு தோள்பை, நான்கு இட்லி. துபாய்க்கு டிக்கெட் ஏழு ரியால், தூரம் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சாலையில் மூன்று மணி நேரம் ஆகும். எல்லையில் எவ்வளவு ஆகும் என்பது, முத்திரை குத்துகிறவர் அன்று காலை சாப்பிட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

போகிற காரியம் ரக்பி லீக் பார்க்க. ஐம்பத்தோரு வயதில் எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்கலாம். எனக்கு ஆசை கிடையாது, அழைப்புதான் இருந்தது. அழைத்தவன் பேச்சிமுத்து, கோவில்பட்டிக்காரன். என் மனைவி வந்து சேருமுன், சோஹாரில் நான்கு வருடம் என் அறையில் இருந்தவன். பிறகு துபாய்க்கு மாறி, விளையாட்டு மைதானங்களுக்கு ஸ்கோர் போர்டு, சைரன், ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடும் கம்பெனியில் சேர்ந்துகொண்டான். அவன் அனுப்பிய குரல் செய்தி இதுதான்:

"அண்ணாச்சி, இங்கிலாந்துல இருந்து ஒண்ணு, ஆஸ்திரேலியால இருந்து ஒண்ணு, ரெண்டு புரொஃபஷனல் டீம் வருது. சீசனுக்கு முந்தி ஒரு கப் மேட்ச். டிரா ஆச்சுன்னா கோல்டன் பாயிண்ட் உண்டு. கண்டிப்பா வரணும்."

வளைகுடாவில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவன் காதில் 'துபாய்', 'கோல்டன்' என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக விழுந்தால் மூன்றாவதாக ஒரு சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்: குலுக்கல். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி வாங்கினாலே தங்கக் காசுக்குச் சீட்டு எழுதிப் போடும் ஊர் இது. ஆட்டம் சமனில் முடிந்தால் பார்வையாளருக்குக் காசு தருவார்கள்போல என்று மனைவியிடம் சொன்னேன். "எத்தனை கிராம்னு கேட்டீங்களா?" என்றாள். அதன்பிறகு நான் போகாமல் இருக்க வழியே இல்லை.

ஏழு பத்துக்கு எல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் துபாயில் என்ன வேலை என்று கேட்டார். "ரக்பி" என்றேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தொப்பையை விரிவாகப் பார்த்தார்.

"பிளேயர்?"

எந்த அதிகாரியைப் பார்த்தாலும் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். குற்றம் எதுவும் செய்ததில்லை, ஆனால் ஒப்புக்கொள்ள எப்போதும் தயாராக இருப்பேன். "நோ சார். ஒன்லி சிட்டிங், சார்" என்றேன். அவர் சிரிக்காமல் முத்திரை குத்தினார். பின்னால் நின்ற பேருந்து ஓட்டுநர் கான் பாய், பெஷாவர்க்காரர், எனக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டார். அங்கிருந்து துபாயின் தேரா பகுதிக்குப் போய்ச் சேரும்வரை எனக்குப் பெயர் கேப்டன்.

பத்து இருபதுக்கு தேராவில் இறங்கினேன். பேச்சிமுத்து பிக்கப் வண்டியோடு நின்றான். கட்டிப்பிடித்தான், பையை வாங்கிக்கொண்டான், ஆனால் முகம் சரியில்லை. ஒரு கபேத்தீரியாவின் முன் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். கரக் டீ இரண்டு வந்தது, ஒன்று ஒன்றரை திர்ஹம். பாதி டீக்குப் பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, எனக்கு ஹெல்ப்பருக்கு ஒரு நேபாளி இருக்கான்லா, அவனுக்குப் பல்லு வீங்கி மூஞ்சி தர்பூசணி மாதிரி ஆயிட்டு. நான் போர்டைப் பாக்கணும். சைரனுக்கு ஆள் இல்ல."

"அதுக்கு?"

"நீங்க பதினேழு வருஷமா சைரனோடயே இருக்கிற ஆளு."

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். சோஹார் துறைமுகப் பகுதியில் ஓர் ஆலையில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். அங்கே சைரன் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, கூடுமிடத்தில் பச்சைப் பலகைக்கு அடியில் நின்று தலைகளை எண்ண வேண்டும். சைரன் கேட்டால் ஓடத்தான் எனக்குத் தெரியும். அதை ஊதவைக்கிற பக்கத்தில் நான் இருந்ததே இல்லை. இதைச் சொன்னேன்.

"ஒரு பட்டன்தான் அண்ணாச்சி. வீட்டுக் காலிங் பெல்லு மாதிரி."

"வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடப் போட்டியில் இவனுடைய ஸ்கோர் போர்டு பாதியில் அணைந்துவிட்டது. மேனேஜர் எலியாஸ், லெபனான்காரர், இவனைக் கூப்பிட்டு, இந்த ரக்பி ஆட்டம் பிசகில்லாமல் நடந்தால் உனக்கு சூப்பர்வைசர் வேலை, இன்னொரு தப்பு வந்தால் கலாஸ் என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் சம்பளம் வந்தால்தான் குடும்ப விசா. மனைவி செல்வியும் நான்கு வயதுப் பெண்குழந்தையும் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். பெண்ணை இவன் நேரில் பார்த்தது மொத்தம் எழுபது நாள்.

"எனக்கும் இன்னிக்கு கோல்டன் பாயிண்ட்தான். ஒரு தப்பு, முடிஞ்சுது."

கோல்டன் பாயிண்ட் என்றால் எத்தனை கிராம் என்று நான் அப்போதுதான் கேட்டேன். பேச்சிமுத்து டீயை ஸ்டியரிங்கில் கொட்டிவிட்டுச் சிரித்தான். அன்று அவன் சிரித்த முதல் சிரிப்பு. தங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாதாம். எண்பது நிமிடத்தில் ஆட்டம் சமன் என்றால் கூடுதல் நேரம். அதில் யார் முதலில் ஒரே ஒரு புள்ளி எடுத்தாலும் அந்த நொடியில் ஆட்டம் முடிந்தது. எதிரணிக்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் கிடையாது.

பன்னிரண்டரைக்கு மைதானம். ஊருக்கு வெளியே, மணலுக்கு நடுவில் பச்சைப் பாயை விரித்ததுபோல் இருந்தது. ஜனவரி மாதம், வெயில் உறைக்கவில்லை. எங்கள் இடம் பார்வையாளர் படிகளின் உச்சியில் ஒரு தகரக் கூண்டு. அங்கே நேரக் கணக்கர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பேரி என்று பெயர், எழுபது வயது இருக்கும், ஆஸ்திரேலியர். வைக்கோல் தொப்பி, மடியில் வறுத்த கடலை. நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், கையை இறக்குவேன், நீ அழுத்து, அவ்வளவுதான் என்றார். பொத்தானை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒரு கடலை கொடுத்தார்.

மூன்று மணிக்கு ஆட்டம். நீலச் சட்டை ஒரு பக்கம், சிவப்புச் சட்டை ஒரு பக்கம், பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எதிரிகள் பிடித்துச் சாய்க்கிறார்கள். ஆறு முறை சாய்ந்தால் பந்து கைமாறும். கபடி பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகாது. பந்து ஒன்று கூடுதல், பாட்டு ஒன்று குறைவு. கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினால் நான்கு புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. ஓட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் போட்டு, அது எழும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஒன்று. அந்த ஒன்றை அதுவரை யாரும் சீந்தவில்லை.

நாற்பதாவது நிமிடம். பேரியின் கை இறங்கியது. அழுத்தினேன். சைரன் ஊதியது. அடுத்து எனக்கு நினைவு வரும்போது நான் படிகளின் அடியில், வாசலுக்குப் பக்கத்தில், கையைத் தூக்கிக்கொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு வரை வந்திருந்தது. பதினேழு வருடப் பழக்கம், மூளையைக் கேட்காமல் கால் எடுத்த முடிவு. பேச்சிமுத்து ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, எங்க போறிய?"

"அசெம்பிளி பாயிண்ட்."

"ஐயோ, நீங்கதான அடிச்சிய!"

மேலே வந்ததும் நான் எங்கே போனேன் என்று பேரி கேட்டார். பாத்ரூம் சார் என்றான் பேச்சிமுத்து. பிறகு, ஸ்கோர் போர்டை வண்டியில் கட்டிவரும் பட்டையை எடுத்து, என் இடுப்பையும் நாற்காலியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். பேரி பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு கடலை கொடுத்தார்.

எழுபத்தெட்டாவது நிமிடத்தில் சிவப்பு பந்தை ஊன்றி, கம்பங்களுக்கு நடுவேயும் உதைத்து, பதினெட்டுக்குப் பதினெட்டு ஆனது. எண்பதில் அழுத்தினேன். கால் கிளம்பியது, நாற்காலி இழுத்துப் பிடித்தது. கட்டிப்போட்டால் நான் நல்ல ஊழியன்.

நாலே முக்கால் இருக்கும். வெயில் சாய்ந்து புல் செம்மஞ்சளாகிவிட்டது. கூடுதல் நேரம் ஐந்து நிமிடம், பக்கம் மாறி இன்னொரு ஐந்து என்றார் பேரி. சாதாரண ஆட்டமாக இருந்தால் அதோடு சமன் என்று விட்டுவிடுவார்களாம். கோப்பை ஆட்டம் என்பதால் யாராவது புள்ளி எடுக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

"எப்போ முடியும் சார்?"

"முடியும்போது."

இவ்வளவு நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. அவருக்கு இந்தப் பக்கம் பேச்சிமுத்து, விசைப்பலகையின்மேல் இரண்டு கையையும் வைத்து, கோயிலில் நிற்பதுபோல் இருந்தான். கீழே மைதான ஓரத்தில் எலியாஸ் கைகட்டி நின்று, ஆட்டத்தை விட்டுவிட்டு ஸ்கோர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஐந்து நிமிடம் வித்தியாசமாக இருந்தது. எண்பது நிமிடம் மாடுகள்போல் மோதியவர்கள் இப்போது முட்டைக் கூடையைச் சுமப்பவர்கள்போல் நடந்தார்கள். யாரும் சீந்தாத அந்த ஒற்றைப் புள்ளிக்காக இருபத்தாறு பேரும் குனிந்து குனிந்து நகர்ந்தார்கள். நீலம் ஒரு உதை, வலப்பக்கம் போனது. சிவப்பு ஒரு உதை, கம்பத்துக்கு எட்டவில்லை. கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. யாரோ ஒரு குழந்தை ஜூஸ் கேட்டது தெளிவாகக் கேட்டது. சைரன். பக்கம் மாறினார்கள்.

இரண்டாவது ஐந்தில் கடைசிப் பத்து விநாடி. நீலச் சட்டை ஒருவன் நாற்பது மீட்டரிலிருந்து உதைத்தான். பந்து மேலே போனது. கடிகாரம் பூஜ்யம். பேரியின் கை இறங்கியது.

நான் அழுத்தவில்லை.

காரணம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. பந்து காற்றில் இருக்கிறது. சைரன் ஊதினால் எல்லாம் முடிந்ததென்றுதானே அர்த்தம்? ஒருவன் எண்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி ஓடி உதைத்த பந்தை என் கட்டைவிரல் கொன்றுவிடுமே என்று நினைத்தேன். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. பேரியின் கை இரண்டாம் முறை இறங்கியது.

"அண்ணாச்சி! அடிங்க!"

அடித்தேன். நான்கு விநாடி தாமதம். பந்து அதற்குள் கம்பத்தில் பட்டு மைதானத்துக்குள்ளேயே திரும்பி விழுந்திருந்தது. பின்னாலிருந்து ஓடிவந்த இன்னொரு நீலச் சட்டை அதை அள்ளி, நான்கு பேரை முதுகில் சுமந்தபடி கோட்டுக்கு அப்பால் விழுந்தான். நடுவர் விசில் ஊதிக் கையைக் காட்டினார். நீலம் இருபத்திரண்டு, சிவப்பு பதினெட்டு. ஆட்டம் முடிந்தது.

சிவப்பு அணியின் பயிற்சியாளர் எங்கள் கூண்டைக் காட்டிக் கத்த ஆரம்பித்தார். சைரன் தாமதமாம். எலியாஸ் படியேறினார். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். அதுதான் பயமாக இருந்தது.

"யார் லேட்டாக அழுத்தியது?"

"நான் சார்" என்றான் பேச்சிமுத்து.

"இல்லை சார், நான்" என்று எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது பின்னால் நாற்காலி தொங்கினால் கம்பீரம் குறைகிறது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பேரி தொப்பியைக் கழற்றாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார்: நேரம் முடிந்தாலும், பந்து உயிரோடு இருந்தால், அதை வைத்திருப்பவன் பிடிபட்டுச் சாயும்வரை ஆட்டம் நிற்காது. சைரன் சரியான நேரத்துக்கு ஊதியிருந்தாலும் இதே முடிவுதான். நடுவரிடம் ரேடியோவில் சொல்லிவிட்டேன், அவரும் அதையே சொன்னார். ஸ்கோர் போர்டு மதியம் முழுக்க ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. கட்டைவிரல் மட்டும் விருந்தாளியுடையது.

எலியாஸ் நாற்காலியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"கலாஸ்" என்றார்.

இங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றித் தெரியும். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாலும் கலாஸ். சண்டை தீர்ந்தாலும் கலாஸ். வேலை போனாலும் கலாஸ். எந்தக் கலாஸ் என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும். அடுத்த வாக்கியம் இப்படி வந்தது: "திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா. பாஸ்போர்ட் கொண்டு வா."

லீவும் கேட்காமல் இருக்கும்போது கம்பெனி பாஸ்போர்ட் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், விசா ரத்து. பேச்சிமுத்து சரி என்று தலையை மட்டும் ஆட்டினான். என்னால்தான் முடியவில்லை. "சார், டேக் மை பாஸ்போர்ட், சார்!" என்று கத்தினேன். ஓமான் கம்பெனி ஊழியனின் பாஸ்போர்ட்டை வைத்துத் துபாய்க்காரர் எதை ரத்து செய்வார் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

நான்கு படி இறங்கியிருந்த எலியாஸ் திரும்பினார். "உன்னுடையதை வைத்து நான் என்ன செய்ய? இவனுடையதும் வேண்டாம். இவன் மனைவியுடையது. குழந்தையுடையதும். காப்பி போதும். யல்லா, சாமானைக் கட்டுங்கள்."

பேச்சிமுத்து குதிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து ஸ்கோர் போர்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தான். எல்லாம் பூஜ்யம் ஆனபிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பேரி கடலைப் பொட்டலத்தை முழுதாக அவன் பக்கம் தள்ளிவிட்டு இறங்கிப் போனார்.

"முத்து, சந்தோஷம்டா. இப்ப என்னை அவுத்து விடு."

"கொஞ்சம் இருங்க அண்ணாச்சி. செல்விக்கு ஒரு போன் போட்டுக்கிடுதேன்."

ஞாயிறு, காலை ஏழரை. இரவு பர் துபாயில் அவன் அறையில் தங்கி, மீனா பஜார் முக்கில் டீ குடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன். சோஹாரில் நான் தனி வீட்டில் மனைவியோடு இருக்கிறேன். காலையில் அவள் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன், அவள் பேசுவது பாதி காதில் விழாது. பேச்சிமுத்துவின் அறையில் ஆறு கட்டில்கள். விடியற்காலையில் ஆறு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, ஆறு போன்களில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லைக்கூட அவர்கள் தவறவிட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் செய்தித்தாளைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிடுவதென்று முடிவு செய்தேன்.

ஹத்தா மலைகள் தெரிய ஆரம்பித்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது. "செல்வி பாஸ்போர்ட் காப்பி அனுப்பிட்டா. போட்டோவைப் பாருங்க அண்ணாச்சி, வாரதுக்கு முந்தியே முறைக்கா." படத்தை அழுத்தினேன். பேருந்து மலைக்குள் நுழைந்து சிக்னல் போய்விட்டது. நெற்றியும் இரண்டு கண்ணும் மட்டும்தான் இறங்கியிருந்தன. முறைக்க அதுவே தாராளமாகப் போதும்.