அப்பாவின் வலக்கையும் ரொட்ஸ்பெட்ட மீனும்

எங்கள் அப்பா பருத்தித்துறையில் பிறந்தவர். மீன் சாப்பிட்டு வளர்ந்தாரே தவிர, வெட்டப் பழகியது ஒஸ்லோவில்தான். இராணுவ முகாமில் அவரை அடித்து ஒரு காதைச் செவிடாக்கிய பிறகு நாட்டைவிட்டு வந்தார். அந்த அடியையும் தன்னோடு கொண்டுவந்தார். இதையெல்லாம் அப்பாவின் நினைவு மலரில் எழுதாதே என்று அண்ணா சொன்னார். நான் எழுதுகிறேன்.

அப்பா ஒரு மீன்கடையில் மீன் வெட்டினார். செம்மஞ்சள் புள்ளி போட்ட தட்டை மீனான ரொட்ஸ்பெட்டதான் அங்கே அதிகம் போகும். நோர்வேக்காரர் வெண்ணெயில் பொரிப்பார்கள். நம்மவர்களோ, "ரெண்டு கண்ணும் ஒரே பக்கம், இதையும் மனிசர் தின்னுமோ?" என்று முகம் சுளித்தார்கள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்துக் கொடுத்தே அப்பா ஒஸ்லோவில் குரோருட்டிலிருந்து பியோர்ண்டால் வரை இருந்த தமிழர் எல்லோரையும் மடக்கினார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா எங்கள் குசினியில் ரொட்ஸ்பெட்ட வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணா குறைந்த புள்ளி எடுத்த கணிதத் தாளை ஒளித்துவைத்தது அப்போதுதான் தெரியவந்தது. அப்பா கத்தியைப் பலகையில் போட்டுவிட்டுப் பெல்ட்டை உருவினார். அடி நிற்கவில்லை. அண்ணாவின் தலை அலுமாரியில் மோதி இரத்தம் வழிந்தது. குறுக்கே வந்த அம்மாவைத் தள்ளி விழுத்தினார். எனக்குப் பதினான்கு வயது. "விடுங்கோ அப்பா" என்று மூன்றுதரம் கத்தினேன். பிறகு பலகையிலிருந்த கத்தியை எடுத்து, ஓங்கிய கையில் வெட்டினேன்.

உள்ளங்கை எலும்புவரை பிளந்தது. அப்பா பெல்ட்டைக் கீழே விட்டு என்னைப் பார்த்தார்.

"கத்தியைக் கழுவி வை. மீன் வெட்டேக்கை வழுக்கிப்போச்சு. ஆர் கேட்டாலும் அதுதான்."

டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டபோதும் அதையே சொன்னார். உண்மை தெரிந்தால் சிறுவர் நல அதிகாரிகள் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தார்.

அதன்பின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மீன்கடை வேலை போயிற்று. நோயில் விழும்வரை பாடசாலைகளைக் கூட்டித் துடைத்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்களை ஒருநாளும் அடிக்கவில்லை. கொண்டாட்டங்களில் நீங்கள், "செத்த மீன் கடிச்சுப்போட்டுதோ?" என்று பகிடி பண்ணுவீர்கள். "ஓம், ரொட்ஸ்பெட்ட பொல்லாதது" என்று அப்பாவும் சிரிப்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

சனிக்கிழமை மீன் வெட்டுவது என் வேலையாயிற்று. அப்பா இடக்கையால் கத்தியைத் தீட்டித் தருவார். "எலும்பைத் தடவிக்கொண்டு போ, பிள்ளை" என்று பக்கத்திலேயே நிற்பார். கத்தியோடு நிற்கும் என்னைவிட்டு ஒரு அடிகூட அவர் விலகி நின்றதில்லை. 

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, "அப்பா, நான் எல்லாருக்கும் சொல்லப்போறன்" என்றேன்.

"நான் போனபிறகு சொல்லு. நான் அடிச்சதையும் சேர்த்துச் சொல்லு."

அவர் படுக்கையருகே மாறி மாறி நின்ற உறவுகளுக்கும், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு எங்களோடு சமைத்த மாமிமாருக்கும் குடும்பத்தின் நன்றி. பகிடி பண்ணியவர்களோடு எனக்குக் கோபமில்லை. எட்டுச் செலவன்று படையலுக்கு ரொட்ஸ்பெட்ட வெட்டும்போது கத்தியை இரண்டுதரம் கீழே வைத்துவிட்டேன். "வேற கத்தி தரட்டோ?" என்று ஒரு மாமி கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பா தீட்டி வைத்துவிட்டுப் போன அதே கத்திதான் அது.

— மகள்